காற்றளவிக் கம்பம்: நடுவதும் பேணுவதும்

மேற்குத் தொடர்ச்சி மலை செங்கோட்டைக்கு மேற்கே தாழ்ந்து ஓர் இடைவெளி விடுகிறது. புனலூர் போகும் ரயிலும் சாலையும் அந்த ஆரியங்காவுக் கணவாய் வழியாகத்தான் செல்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்றும் அதே வழியாகத்தான் தென்காசிச் சமவெளிக்குள் இறங்குகிறது. குற்றாலத்தில் சாரல் கட்டும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, மழையில் பெரும்பங்கை மலையிலேயே உதறிவிட்டு வரும் மேல்காற்று பாவூர்சத்திரம், சுரண்டை, வீரகேரளம்புதூர், ஊத்துமலை என்று வயல்களின் மேல் வீசிக்கொண்டே இருக்கும். ஆடியில் சிற்றாற்றங்கரை வாழைத் தோப்புக்குள் நின்று பார்த்தால் கிழியாத இலையைத் தேடத்தான் வேண்டும்.

இந்தக் காற்றை நம்பித்தான் சுற்றுவட்டாரத்தில் காற்றாலைகள் வந்தன. 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் சோதனை முறையில் தொடங்கியது, இன்று தமிழ்நாடு முழுக்க 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அதற்கெல்லாம் முன்னால் யாரோ ஒருவர் கம்பம் நட்டு, ஆண்டுக்கணக்கில் காற்றை அளந்திருக்க வேண்டும் அல்லவா? நாடு முழுக்க அந்த வேலைக்கு வழிகாட்டியவர்களில் முதன்மையானவர் அன்னா மாணி. இதே மலைத்தொடரின் மேற்குப் பக்கம், பீருமேட்டில் 1918-இல் பிறந்தவர். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கருவிகளை உள்நாட்டிலேயே செய்ய வைத்தார். ஓய்வுக்குப் பிறகு பெங்களூரில் காற்றுவேகம், சூரிய ஆற்றல் ஆகியவற்றை அளக்கும் கருவிகளுக்கென்று சிறு பட்டறையே வைத்தார். அவருடைய காற்றுத் தரவு நூல்கள்தான் காற்றாலைக்கு இடம் தேடியவர்களுக்குக் கைப்பிடியாக இருந்தன. நம் பக்கத்துக் கயத்தாற்றில் தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் காற்றாலைச் சோதனை நிலையம் இயங்குகிறது.

இந்த அத்தியாயம் அவ்வளவு பெரிய வேலைக்கானது இல்லை. மருந்து தெளிக்கும் நேரத்தைக் கணிக்க விரும்பும் விவசாயி, தோப்புக்கு எப்போது முட்டுக் கொடுப்பது என்று பார்க்கும் வாழைக்காரர், பள்ளி வளாகத்தில் வானிலை நிலையம் வைக்க நினைக்கும் ஆசிரியர், சிறு காற்றாலை வாங்கலாமா என்று யோசிப்பவர் ஆகியோருக்கானது. எல்லோரும் காற்றுவேகமானி ஒன்றும் திசைகாட்டி ஒன்றும் ஒரு கம்பத்தில் ஏற்றப்போகிறவர்கள்தான். வேலை ஒன்றே.

எந்தக் கருவி

மூன்று கிண்ணம் சுழலும் வேகமானியும் வால் வைத்த திசைகாட்டியும் பெரும்பாலோருக்குப் போதும். அயர்லாந்தின் ஆர்மா வானாய்வகத்தில் இருந்த ராபின்சன் 1846-இல் நான்கு கிண்ணம் வைத்துச் செய்தார். கிண்ணங்கள் காற்றின் வேகத்தில் சரியாக மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் சுழல்வதாக அவர் நம்பினார். கையின் நீளத்தையும் கிண்ணத்தின் அளவையும் பொறுத்து அந்த விகிதம் மாறும் என்பது பிறகு தெரிய வந்தது. 1926-இல் கனடாவின் பேட்டர்சன் மூன்று கிண்ண வடிவைக் கொண்டுவந்தார். அதுதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இந்தப் பழங்கதையில் நமக்கொரு வேலை இருக்கிறது. கிண்ணம் உடைந்து வேறு கம்பெனிக் கிண்ணத்தை மாட்டினால் பழைய கணக்கு செல்லாது. பெருக்கு எண்ணை மாற்றியே ஆக வேண்டும்.

மலிவான சென்சாருக்குள் ஒரு காந்தமும் ரீட் ஸ்விட்சும் இருக்கும். கிண்ணம் சுற்றச் சுற்ற ஸ்விட்ச் மூடித் திறக்கும். பரவலாகக் கிடைக்கும் ஒரு வகையில், நொடிக்கு ஒரு முறை மூடினால் காற்று மணிக்கு 2.4 கிலோமீட்டர் என்பது கணக்கு. ஒரு சுற்றுக்கு ஒரு துடிப்பா இரண்டா என்பது மாடலுக்கு மாடல் மாறும். கையால் மெல்லப் பத்துச் சுற்று சுற்றி, அளவுகளைப் பதியும் லாகரில் பத்து ஏறுகிறதா இருபது ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதைப் பார்க்காமல் கம்பத்தில் ஏற்றினால் ஆண்டு முழுக்க இரட்டிப்புக் காற்றை எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

அல்ட்ராசோனிக் வகையில் சுழலும் பாகமே இல்லை. ஒலி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் நேரத்தையும் திரும்பி வரும் நேரத்தையும் ஒப்பிட்டு வேகமும் திசையும் சொல்லும். பேரிங் தேயாது என்பது பெரிய ஆறுதல். விலைதான் கையைக் கடிக்கும், மின்சாரமும் கூடுதலாகக் கேட்கும். பட்ஜெட் இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் கிண்ணத்தையே வாங்கி, மிச்சப் பணத்தைக் கம்பத்தில் போடுங்கள். நல்ல சென்சாரை மட்டமான இடத்தில் வைப்பதைவிடச் சுமாரான சென்சாரை நல்ல இடத்தில் வைப்பது மேல்.

இடம்

உலக வானிலை அமைப்பின் விதி எளிது. திறந்த வெளி, தரையிலிருந்து 10 மீட்டர் உயரம், எந்தத் தடையிலிருந்தும் அதன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தள்ளி. சொல்வது சுலபம், நம் ஊரில் செய்வது கடினம். 20 மீட்டர் தென்னைக்கு 200 மீட்டர் விலகல் வேண்டும். அத்தனை பெரிய வெட்டவெளி எத்தனை பேருக்கு வாய்க்கும்?

இங்கேதான் மேல்காற்று நமக்குச் சாதகமாக இருக்கிறது. எல்லாத் திசையிலும் சமமாக விலக முடியாவிட்டால் மேற்கே மட்டுமாவது விட்டுக்கொடுக்காதீர்கள். தோப்பு, பள்ளிக் கட்டடம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் கம்பத்துக்குக் கிழக்கிலோ தெற்கிலோ இருக்கட்டும். அடுத்தபடியாக வடகிழக்கைத் திறந்து வையுங்கள், ஐப்பசி கார்த்திகைக் காற்றுக்காக. குளத்தின் கீழ்க்கரையை ஒட்டிய மேடு, அறுவடை முடிந்த வயல்களுக்குக் கிழக்கே உள்ள களம் போன்றவை நல்ல இடங்கள்.

மற்ற ஊர்க்காரர்கள் கவலைப்பட வேண்டாத ஒன்று இங்கே உண்டு. உங்கள் இடத்துக்கு மேற்கே காற்றாலை நின்றால், அது உறிஞ்சியதுபோக மிச்சமான, கலங்கிய காற்றுதான் உங்கள் கம்பத்துக்கு வரும். இறக்கை வட்டத்தின் விட்டத்தைப் போலப் பத்து மடங்காவது தள்ளிப் போங்கள். 80 மீட்டர் வட்டமென்றால் 800 மீட்டர்.

மொட்டை மாடிதான் ஒரே வழி என்றால், கைப்பிடிச் சுவரில் கிளாம்ப் அடித்து வைப்பதைத் தவிருங்கள். சுவரில் மோதி மேலேறும் காற்று அங்கே ஒன்றைச் சொல்லும், இரண்டடி தள்ளினால் வேறொன்றைச் சொல்லும். தரையிலிருந்து சென்சார் வரை உள்ள உயரம் வீட்டு உயரத்தின் இரு மடங்காவது வரட்டும். கைப்பிடிச் சுவரோடு நான்கரை மீட்டர் வீட்டுக்கு மாடிமேல் இன்னொரு நான்கரை மீட்டர் குழாய்.

உயரத்தைக் குறைத்து வைத்துவிட்டுக் கணக்கில் சரிக்கட்டலாமா என்று கேட்பார்கள். திறந்த வெளிக்கு ஏழில் ஒரு பங்கு அடுக்கு விதி உண்டு. 3 மீட்டரில் நொடிக்கு 5 மீட்டர் காற்று என்றால் 10 மீட்டரில் ஏறத்தாழ 5.9 வரும். தோப்புக்கும் வீட்டுக்கும் நடுவில் அந்த விதி பலிக்காது. பயிருக்காக மட்டும் அளப்பவர் 2 அல்லது 3 மீட்டரிலேயே வைத்துக்கொள்ளலாம். மருந்து அங்கேதானே பறக்கிறது!

கம்பம்

ஜி.ஐ. குழாய் 6 மீட்டர் நீளத்தில் வருகிறது. கீழே இரண்டு அங்குலம், மேலே ஒன்றரை அங்குலம். மேல் குழாயை அரை மீட்டர் உள்ளே செருகி, குறுக்கே இரண்டு போல்ட் போட்டால் ஆட்டமில்லாமல் நிற்கும். அடியில் கீல் வைத்த தகடு கட்டாயம். ஏணி போட்டு 10 மீட்டர் ஏறிப் பராமரிக்கப்போவதாக நினைப்பவர் முதல் ஆண்டிலேயே பராமரிப்பை விட்டுவிடுவார். கீல் இருந்தால் கம்பத்தைச் சாய்த்துத் தரையில் வைத்து உட்கார்ந்து வேலை பார்க்கலாம். கீல் கிழக்கு மேற்காகச் சாயும்படி அமையட்டும்.

ஸ்டே கம்பி மூன்று திசையில். முதல் கம்பி நேர் மேற்கே. அங்கிருந்து 120 பாகை இடைவெளியில் மற்ற இரண்டும் வைத்தால் ஒன்று வடக்கிலிருந்து 30 பாகை கிழக்கே வரும், இன்னொன்று தென்தென்கிழக்கே. ஆடிக் காற்றை முதலாவது தாங்கும், ஐப்பசிக் காற்றை இரண்டாவது. மூன்றாவது சும்மா கூட்டுக்கு நிற்பதுபோலத் தோன்றினாலும் அது இல்லாமல் கம்பம் செங்குத்தாக நிற்காது. நங்கூரம் கம்பத்திலிருந்து 6 அல்லது 7 மீட்டர் தள்ளி இருக்கட்டும். கரிசல் மண்ணானால் மழைக்கு உப்பிக் கோடையில் வெடிக்கும், அதனால் குழியைக் கூடுதல் ஆழமாகத் தோண்டிக் கான்கிரீட் போடுங்கள். டர்ன்பக்கிள் இறுக்கிய பிறகு அதன் ஓட்டையில் கம்பி கோத்து முறுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் காற்றின் அதிர்விலேயே கழன்றுவிடும்.

செங்குத்து பார்க்க ரசமட்டத்தை மட்டும் நம்பாமல், வடக்கே ஒருவரும் மேற்கே ஒருவரும் தூரத்தில் நின்று தூக்குக்குண்டு நூலோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கிண்ணம் சாய்ந்திருந்தால் பேரிங் ஒரு பக்கமாகத் தேயும்.

கம்பம் எந்தப் பக்கம் விழுந்தாலும் ஈ.பி. லைனைத் தொடக்கூடாது. கம்ப உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் விடுங்கள். தூக்கி நிறுத்தும் நாளில் இதை மறந்து உயிரை விட்டவர்கள் உண்டு. காற்று ஓய்ந்த பங்குனிக் காலையில் நிறுத்துங்கள், ஆனியில் வேண்டாம்.

கையை எங்கே நீட்டுவது

வேகமானி கம்பத்தின் உச்சியில் தனியாக நிற்பதே நல்லது. பக்கவாட்டில் கை நீட்டி வைத்தால் கம்பம் காற்றைக் கலைக்கும். உருளைக் கம்பத்தில் கை காற்றுக்கு எதிராக 45 பாகை முன்னால் நீட்டியிருக்கும்போது கலைப்பு மிகக் குறைவு. மேல்காற்றுக்கு இரண்டு இடம் பொருந்தும், தென்மேற்கு அல்லது வடமேற்கு. தென்மேற்கே நீட்டினால் வடகிழக்குப் பருவக்காற்று கம்பத்தில் மோதி, அதன் நிழல் நேராகச் சென்சாரின் மேல் விழும். ஆகவே வடமேற்கு. கை நீளம் குழாய் விட்டத்தைப் போல எட்டு மடங்கு. ஒன்றரை அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 48 மில்லிமீட்டர், கை சுமார் 40 சென்டிமீட்டர். இடிதாங்கிக் கம்பியைக் கம்பத்தின் தென்கிழக்குப் பக்கம் கட்டுங்கள், சென்சாரைவிட உயரமாக. அதன் செம்புக் கம்பி தனி எர்த் குழிக்குப் போகட்டும். சித்திரை இடியும் ஐப்பசி இடியும் இந்தப் பக்கம் சும்மா போவதில்லை.

வடக்கு எது

திசைகாட்டி தவறாக நிற்கும் கம்பங்களைத்தான் அதிகம் பார்க்கலாம். செல்போன் காம்பஸை ஜி.ஐ. குழாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வடக்கு குறித்திருப்பார்கள். இரும்பு முள்ளை இழுத்துவிடும். நல்ல காம்பஸை எடுத்துக்கொண்டு நாலைந்து மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இங்கே ஏறத்தாழ இரண்டு பாகைதான் வித்தியாசம், நம் வேலைக்கு அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

காம்பஸ் இல்லாவிட்டால் ஸ்தபதிகள் செய்வதுபோலச் சங்கு நாட்டலாம். சமதரையில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு, சுற்றிலும் வட்டம் போடுங்கள். காலையில் நிழல் நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே வரும் புள்ளியையும், மாலையில் வெளியேறும் புள்ளியையும் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைத்துவிடும். உச்சி நிழலை மட்டும் வைத்து வடக்கு குறிப்பதில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஊர் ஏறத்தாழ 9 பாகை வட அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அவற்றுக்கு இடைப்பட்ட மாதங்களில் உச்சி நிழல் தெற்கே விழும். மே மாதத்தில் அதை வடக்கு என்று குறித்தால் மேல்காற்று கீழ்காற்றாகிவிடும்.

கோடு கிடைத்ததும் கம்பத்தை நிறுத்தும் முன்பே சரிபார்த்துவிடுங்கள். ஒருவர் வாலைப் பிடித்து நாலு திசைக்கும் திருப்ப, இன்னொருவர் லாகரைப் பார்க்க வேண்டும். "இப்ப எவ்வளவு காட்டுது?" "எண்பத்தெட்டு காட்டுது அண்ணாச்சி." கிழக்கே 90 வர வேண்டிய இடத்தில் 88 வந்தால் விட்டுவிடலாம். 75 வந்தால் மறையைத் தளர்த்தித் திருப்புங்கள். திசைகாட்டி சொல்வது காற்று எங்கிருந்து வருகிறது என்பதை. மூக்கு மேற்கே நிற்கும்போது 270 காட்ட வேண்டும். 90 காட்டினால் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள்.

பொட்டன்ஷியோமீட்டர் வைத்த திசைகாட்டியில், தடம் தொடங்கி முடியும் இடத்தில் சில பாகை அளவுக்குச் செத்த இடைவெளி இருக்கும். தொழிற்சாலையிலிருந்து அது வடக்கில் வரும். அதைக் காற்று குறைவாக வரும் தெற்குப் பக்கம் தள்ளிவிட்டு, லாகரில் 180 பாகை கூட்டிக்கொள்வது என் வழக்கம்.

வயரும் லாகரும்

உறை போட்ட நாலு கோர் கேபிள். உறையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். ஆர்.எஸ்.485 வெளியீடு என்றால் ஏ, பி இரண்டும் முறுக்கிய ஜோடியாகப் போகட்டும், நீண்ட கேபிளின் கடைசியில் 120 ஓம் போடுங்கள். பெட்டிக்குள் நுழையும் இடம் அடிப்பக்கமாக இருக்க வேண்டும், அதற்கு முன் கேபிள் ஒரு வளைவு தொங்கினால் சாரல்நீர் அங்கேயே சொட்டிவிடும். வெள்ளை ஜிப் டை ஒரு கோடையைத் தாண்டாது, கறுப்பு வாங்குங்கள். அணில் கடிக்கும் இடத்தில் கேபிளைக் குழாய்க்குள் விடுங்கள்.

பத்து நிமிடச் சராசரி, அதற்குள் மூன்று நொடி உச்ச வீச்சு, திட்ட விலக்கம் ஆகிய மூன்றையும் பதியுங்கள். வாழைக்காரருக்குச் சராசரியைவிட உச்ச வீச்சுதான் முக்கியம். தெளிப்புக்குச் சராசரி போதும். மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டினால் தெளிப்பானை இறக்கி வைத்துவிடலாம். திசைக்குச் சாதாரணச் சராசரி எடுக்கும் லாகரை வாங்காதீர்கள். 350-க்கும் 10-க்கும் நடுவே 180 என்று எழுதும், வடக்குக் காற்றைத் தெற்காக்கிவிடும். மேல்காற்றுக் காலத்தில் இந்தக் கோளாறு வெளியே தெரியாது. கார்த்திகையில்தான் தலைகாட்டும்.

பராமரிப்பு

நின்றுபோன கிண்ணத்தை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆபத்து, மெல்ல இறுகும் பேரிங்கில் இருக்கிறது. பத்து சதவீதம் குறைத்துக் காட்டும் வேகமானி பார்வைக்கு நன்றாகத்தான் சுழலும். காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏறுவதால், அந்தப் பத்து சதவீதம் ஆற்றல் கணக்கில் 27 சதவீதத்தை விழுங்கிவிடும். சிறு காற்றாலை வேண்டுமா வேண்டாமா என்ற முடிவே அதில் மாறிப்போகலாம்.

இறுகும் பேரிங் முதலில் மெல்லிய காற்றில்தான் காட்டிக்கொடுக்கும். ஆடிப் பெருங்காற்றில் எல்லாம் சரியாகத் தெரியும். மாசி, பங்குனி விடியற்காலைப் பதிவுகளை எடுத்து, சுழியம் எத்தனை முறை வந்திருக்கிறது என்று சென்ற ஆண்டோடு ஒப்பிடுங்கள். சுழியம் கூடியிருந்தால் கம்பத்தைச் சாய்த்துவிட வேண்டியதுதான். காற்றில்லாத அறையில் கிண்ணத்தை ஒரே விசையோடு சுண்டிவிட்டு, நிற்க எத்தனை நொடி என்று பாருங்கள். புதிதாக வாங்கிய நாளில் இதே சோதனையைச் செய்து எழுதி வைத்திருந்தால்தான் ஒப்பிட ஏதாவது இருக்கும். பேரிங்கில் எண்ணெய் விடாதீர்கள். செம்மண் தூசி எண்ணெயில் குழைந்து, முதலில் இளகியதுபோல் காட்டிவிட்டுப் பிறகு பிசினாகும். அது மூடிய பேரிங், மாற்றத்தான் வேண்டும்.

திசைகாட்டியில் நம் ஊருக்கே உரிய தேய்மானம் ஒன்று உண்டு. நான்கு மாதம் மூக்கு மேற்கைச் சுற்றியே ஆடிக்கொண்டிருப்பதால் பொட்டன்ஷியோமீட்டரின் தடம் அந்த ஒரு துண்டில் மட்டும் தேயும். 260-க்கும் 280-க்கும் இடையில் எண் திடீரென்று எகிறிக் குதித்தால், மற்ற திசைகளில் ஒழுங்காக இருந்தாலும் சென்சாரின் ஆயுள் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு இரண்டு முறை சாய்த்துப் பார்த்தால் போதும். சித்திரையில் ஒன்று, மேல்காற்று எழும் முன். புரட்டாசி கடைசியில் ஒன்று, அது ஓய்ந்து மழை தொடங்கும் முன். கிண்ணத்தின் உள்ளே சிலந்தி வலை, கழுத்தில் குளவிக்கூடு, லாகர் பெட்டியில் பல்லி, சிலிக்கா ஜெல்லின் நிறம், எர்த் கம்பியின் பச்சைக் களிம்பு, ஸ்டே கம்பியின் இறுக்கம் எல்லாவற்றையும் அரை நாளில் முடித்துவிடலாம். கரிச்சான் குருவிக்கு வயலில் இதைவிட நல்ல உட்காரும் இடம் கிடையாது. அது வாலில் உட்கார்ந்தால் திசை அரை மணி நேரம் அசையாமல் நிற்கும், வேகமோ ஏறி இறங்கும். பதிவில் அப்படிப் பார்த்தால் கைக்கு மேல் முள்கம்பி வைக்காமல், இன்னும் உயரமான ஒரு வெறும் கழியைக் கிழக்கே தள்ளி நட்டுக் கொடுங்கள். பெரும்பாலும் அங்கே போய்விடும்.

பேரிங்கோ கிண்ணமோ மாற்றிய தேதி, நேரம், பழைய பெருக்கு எண், புதிய பெருக்கு எண் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். பழைய பதிவுகளைக் கணினியில் பெருக்கித் திருத்த வேண்டாம். பேரிங் எப்போது இறுகத் தொடங்கியது என்பது உங்களுக்கே தெரியாது. சந்தேகப்படும் மாதங்களின் எதிரே ஒரு குறியிட்டு, கணக்கெடுக்கும்போது அவற்றை விலக்கிவிடுங்கள்.